செவ்வாய்க்கிழமை விடுமுறை

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் இரண்டாவது தடவையாகக் கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. ஒதீல் பின்னால் இழுத்து, பக்கவாட்டில் திருப்பி, மூச்சு வாங்க மறுபடி தள்ளினாள். கம்பளிக்குள் கழுத்து வரை புதைந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷன் லெயோன்ஸ் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமே கிடையாது.

"முப்பது வருஷம் ரொட்டி வித்தவளுக்கு ஒரு வண்டி தள்ளத் தெரியல."

"வாயை மூடிக்கிட்டு வா. இல்லன்னா நேரா ஆத்துல கொண்டுபோய் இறக்கிடுவேன்."

"கரோன் ஆறு இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒதீல் கைக்குட்டையை நீட்டினாள். அவர் வாயைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்ததைப் பார்க்காமலே வாங்கிப் பையில் திணித்துக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தின் முற்றம் முழுக்க பிளாட்டான் மரத்தின் பழுத்த இலைகள். நவம்பர் மாதம். வாடகை ஆம்புலன்ஸ் ஓட்டிவந்த யானிக், முற்றத்துக்குள் வண்டி வரக்கூடாது என்று வெளிவாசலிலேயே இறக்கிவிட்டு, "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன் மேடம், ஒரு காபி குடிச்சுட்டு" என்று போய்விட்டான். நல்ல பையன்தான். ஆனால் காபி என்றால் ஆளைப் பிடிக்க முடியாது.

இந்தப் பயணத்துக்காக ஒதீல் மூன்று நாள் அலைந்திருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்த டாக்டரம்மா, சமையலறையில் வைத்து அவளிடம் உண்மையைச் சொன்னார். நுரையீரலில் இனி ஒன்றும் மிச்சமில்லை, நாட்கணக்குதான். பிறகு கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்து, "மிஸ்யூ லெயோன்ஸ், உங்களுக்கு என்ன ஆசை, சொல்லுங்க" என்று கேட்டார். சிப்பி சாப்பிடணும் என்பார், கடலைப் பார்க்கணும் என்பார் என்று ஒதீல் நினைத்தாள். மனிதர் சொன்னது வேறு.

"எங்க கூடத்துல அந்தப் பெரிய படத்துக்கு நேர் முன்னாடி ஒரு பெஞ்சு கிடக்கு. அதுல உக்காந்து படத்தைப் பாக்கணும். ஒதீலும் பக்கத்துல உக்காரணும்."

ஒதீலுக்கு எரிச்சல்தான் வந்தது. முப்பத்தொரு வருஷம் அருங்காட்சியகத்தின் அதே கூடத்தில் காவலாளியாக இருந்தவர். நாளெல்லாம் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியவர். பார்த்தது போதாதாமா? டாக்டரம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை. ரெண்டு மணி நேரம். அதுவும் இந்த வாரத்துக்குள்ள" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒதீல் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள், நர்ஸிடம் பேசி மருந்து நேரத்தை மாற்றினாள், லில் நகரத்தில் இருக்கும் மகள் செவரீனுக்குச் சொன்னாள். செவரீன் புதன்கிழமை சாயங்கால ரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தாள். அதற்கு முந்தின நாளே அப்பாவைக் கூட்டிப்போய் வந்துவிடுவதாக ஒதீல் சொன்னபோது, "சரிம்மா, ஜாக்கிரதை" என்றாள். அவளுக்கும் உறைக்கவில்லை.

படியோரத்துச் சாய்தளத்தில் தள்ளி ஏற்றி, பெரிய கதவின் முன்னால் நிறுத்திய பிறகுதான் ஒதீல் நிமிர்ந்து பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கில்லை. பித்தளைத் தகட்டில் எழுதியிருந்ததை அவள் உதடு அசைத்துப் படித்தாள். தினமும் பத்து முதல் ஆறு வரை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

"ஐயோ" என்றாள். "ஐயோ, லெயோன்ஸ். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

ஊரில் எவர் வேண்டுமானாலும் இந்தத் தப்பைச் செய்யலாம், இந்த வீட்டுக்காரி செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்காரி மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடும் என்பதால் லெயோன்ஸுக்கு அன்றுதான் ஓய்வு. அதற்காகவே ஒதீல், இரண்டு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தபோது, சம்பளம் குறைவானாலும் செவ்வாய் மூடும் கடையாகப் பார்த்துச் சேர்ந்தாள். ஞாயிறு காலையில் ஊரே அவள் கடையில்தான் வரிசையில் நிற்கும். அந்த வீட்டில் சந்தைக்குப் போனது செவ்வாய், சினிமாவுக்குப் போனது செவ்வாய், பிள்ளைக்குச் செருப்பு வாங்கியது, அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போனது எல்லாம் செவ்வாய். வெளியே போவது என்றாலே செவ்வாய்தான். போனில் யானிக் "என்னைக்கு மேடம்?" என்று கேட்டபோது அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதே காரணத்தால்தான் அவள் இந்த இடத்துக்குள் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. அவளுக்கு ஒழிந்த ஒரே நாளில் கதவு மூடியிருக்கும். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்திருக்கலாம். அப்போது அவர்தான், "வேலை பாத்த இடத்துக்கு எவனாவது சீட்டு வாங்கிட்டுப் போவானா? அங்க என்ன இருக்கு, எல்லாப் பயலும் படுக்கை விரிப்பைச் சுத்திக்கிட்டுச் செத்துக்கிட்டிருக்கான்" என்று தட்டிக் கழித்தார். அப்புறம் அவளுக்கு இடுப்பு வலி. அப்புறம் அவருக்கு இது.

அவள் கதவைத் தட்டினாள். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. லசானா. லெயோன்ஸுக்குக் கீழே வேலை பழகியவன், இப்போது அதே கூடத்துக்குக் காவல். விடுமுறை நாள் காவலுக்கு அவன் முறை போலிருக்கிறது. பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான்.

"தலைவரே! என்ன தலைவரே இது, செவ்வாய்க்கிழமை வந்து நிக்கிறீங்க?"

"என் பொண்டாட்டியைக் கேளு" என்றார் லெயோன்ஸ்.

ஒதீல் அழ ஆரம்பித்திருந்தாள். லசானா அவளையும் நாற்காலியில் இருந்தவரின் மஞ்சள் பாரித்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து, குரலைத் தாழ்த்தி, "மேலதிகாரிக்கு ஒரு போன் போடுறேன். நல்ல மனுஷன், மாட்டேன்னு சொல்லமாட்டாரு. அலாரத்தை நிறுத்திட்டு, இந்தப் பின்வாசல் வழியா ஒரு பத்து நிமிஷம்..." என்றான்.

"கூப்பிடுப்பா, கூப்பிடு" என்றாள் ஒதீல்.

"வேணாம்."

"லெயோன்ஸ்!"

"பின்வாசல் வழியா நுழையறதுக்கா முப்பத்தொரு வருஷம் காவல் காத்தேன்? ஒரு தடவ மேயரோட மச்சினன் வந்து பல்லை இளிச்சான். விட்டேனா? கேளு இவனை." லசானா தலையாட்டினான். "ஜன்னலையெல்லாம் அடைச்ச இருட்டுல டார்ச் அடிச்சுப் பாக்கறதுக்கு நாங்க என்ன திருடனுங்களா? நாளைக்கு வர்றோம். சீட்டு வாங்கிட்டு, முன்வாசல் வழியா. நீ பெஞ்சைத் தொடச்சு வை."

இவ்வளவு நீளமாக அவர் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒதீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யானிக் வந்ததும் மறுநாள் மத்தியானம் ஒன்றரைக்கு வரச்சொல்லி ஏற்பாடு செய்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் லெயோன்ஸ் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலம், சந்தை, அவள் வேலை பார்த்த கடை. கடை மூடியிருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆப்பிள் கூழை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஒதீல் மறுபடி ஆரம்பித்தாள். எப்படி மறந்தேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் என்று புலம்பினாள். அவர் வாயைத் துடைத்துவிடச் சொல்லிச் சைகை காட்டினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ போன்ல சொன்னப்பவே தெரியும். செவ்வாய்னு."

ஒதீல் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள். "தெரிஞ்சுதான் வாயைத் திறக்காம இருந்தியா?"

"டாக்டரம்மா ஒரு தடவதான்னு சொன்னாங்க. கதவு மூடியிருந்தா அது கணக்குல வராதுல்ல?" அவர் கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "ஒன்னுக்கு ரெண்டா ஆச்சு. செவ்வாய்க்கிழமை உன்கூட ஒரு தடவ வெளிய போனேன். நாளைக்கு இன்னொரு தடவ."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்கு மூன்று நாள் அலைச்சலும் கல்லில் தள்ளிய வலியும் லசானாவின் முன்னால் அழுத அவமானமும் சேர்ந்து அவளுக்குள் பொங்கிவிட்டது. "உனக்கு எல்லாம் விளையாட்டு. நான் அங்க நின்னு பைத்தியக்காரி மாதிரி கதவைத் தட்டுறேன், நீ உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தியா? அந்தப் பையன் திறந்துவிடுறேன்னான், அதுக்கும் வேணாம்னுட்ட. பெரிய நீதிமான்! நாளைக்கு உனக்கு எழுந்து உக்கார முடியலன்னா என்ன பண்ணுவ? போ. இனிமே எங்கிட்ட பேசாத."

சமையலறைக்குப் போய் சூப்பை நின்றபடியே குடித்தாள். உள்ளேயிருந்து "ஒதீல்" என்று இரண்டு தரம் குரல் வந்தது. போகவில்லை. எட்டு மணிக்கு மருந்துச் சொட்டு கொடுக்கப் போனபோது, அவர் அவள் கையைப் பிடித்து, "நாளைக்கு" என்றார். அவள் கையை உருவிக்கொண்டு, தலையணையைச் சரிசெய்து, பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தாள். கோபம் காலையில் தீர்ந்துவிடும் என்று அவளுக்கே தெரியும். நாற்பத்தைந்து வருஷமாகத் தீர்ந்துகொண்டுதான் இருந்தது.

காலை ஏழு மணிக்கு அவள் அடுப்பில் காபி வைத்தாள். உள்ளே அவர் மூச்சு இழுப்பது ரம்பம் அறுப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கவும் அப்படித்தான் இருந்தது. காபி கொதித்துப் பொங்கும் சத்தத்தில் அவள் கவனம் கொஞ்சம் திரும்பியது. அடுப்பை அணைத்தபோது வீடு அமைதியாக இருந்தது. காபிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். வாய் திறந்திருந்தது, பல் செட் இல்லாத வாய். கண் பாதி மூடியிருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒதீல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டித் தாடைக்கு அடியில் கொடுத்தாள். ஜன்னலைத் திறந்தாள். கீழே பால் வண்டி போனது.

அதன்பிறகு காலை எப்படிப் போனதென்று அவளால் சொல்ல முடியாது. டாக்டரம்மா வந்தார், கையெழுத்துப் போட்டார். செவரீன் போனில் கதறினாள். "நான் வர்ற வரைக்கும் எதுவும் பண்ணாதம்மா, எங்கயும் போகாத" என்றாள். பதினோரு மணிக்கு இறுதிச்சடங்குக் கம்பெனி ஆட்கள் இருவர் வந்து, ரொம்ப மரியாதையாக, அவரைக் கொண்டுபோனார்கள். "நல்ல உடுப்பு ஒன்னு குடுங்க மேடம். நாலு மணிக்குத் தயாரா இருப்பாரு, எங்க இடத்துக்கு வந்து பாக்கலாம். எவ்வளவு நேரம் வேணாலும் கூட இருக்கலாம்" என்றார் மூத்தவர். அவருடைய பழுப்புக் கோட்டு, நேற்று போய்வந்து மாட்டிய இடத்திலேயே தொங்கியது. அதையே எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்றரைக்கு வாசல் மணி அடித்தது. யானிக் மடக்கிய சக்கர நாற்காலியைக் கையில் பிடித்தபடி முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

"இன்னைக்குத் திறந்திருக்கு மேடம்! வர்ற வழியிலயே எட்டிப் பாத்துட்டேன். கிளம்பிட்டாரா ஐயா?"

ஒதீல் அவனையே பார்த்தாள். அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டாள். அவள் ஏதும் சொல்வதற்கு முன்னால் அவன் பார்வை, அவள் தோளுக்கு மேலாக, விரிப்பு உருவப்பட்ட கட்டிலில் போய் நின்றது.

"மன்னிச்சுக்கங்க மேடம். எனக்கு யாரும்... நான் போயிடுறேன். ஒன்னும் தர வேண்டாம்."

"இரு. கோட்டு மாட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள் ஒதீல்.

முன்வாசல் வழியாகத்தான் போனாள். சீட்டும் வாங்கினாள். மாடிப்படி ஏறி, இரண்டு அறை தாண்டி, வாசல்களில் எழுதியிருந்த பெயரைப் படித்துப் படித்துக் கூடத்தைக் கண்டுபிடித்தாள். உயரமான கூடம். சுவரெல்லாம் படங்கள்; படமெல்லாம் தலைக்கவசம், செருப்புக் கயிறு, கற்தூண், கையை நீட்டிச் சபதம் செய்யும் ஆண்கள், மூலையில் குவிந்து அழும் பெண்கள். புரட்சிக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர்களுக்கு கிரேக்கத்திலும் ரோமிலும் செத்தவர்கள் மேல்தான் என்ன ஆசையோ. எதிர்ச் சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு அந்தப் பெரிய படம்: போரில் குத்துப்பட்ட ஒரு தளபதி, படுக்கையில் சாய்ந்தபடி, ஒரு விரலை உயர்த்தித் தன் வீரர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அதற்கு நேர் முன்னால் பெஞ்சு. உட்காரும் பலகை பளபளவென்று துடைத்திருந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க இடம் விட்டு, கயிற்றுத் தடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தார்கள்.

ஒதீல் உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்தாள். விரிப்பின் மடிப்பைப் பார்த்தாள். யாரோ நன்றாக இஸ்திரி போட்டிருக்கிறார்கள். அந்த ஆளின் தோளைப் பார்த்தாள். சாகிறவனுக்கு இப்படியா தோள் இருக்கும்? வீரர்களை, குதிரைவால் வைத்த கவசத்தை, தரையில் கிடந்த வாளையெல்லாம் பார்த்தாள். முகத்தைப் பார்க்க மட்டும் பிடிக்கவில்லை. காலையில் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள், அது போதும். இந்த ஆள் கடைசி வார்த்தையை ஊர் கூட்டிச் சொல்கிறான், அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். லெயோன்ஸுக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளும் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மேடம்!" லசானா வேகமாக நடந்து வந்தான். "வந்துட்டீங்களா? தலைவர் எங்க? லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கு, நான் போய்க் கூட்டிட்டு வரவா?"

அவள் எழுந்து நின்றாள். "காலையில ஏழு மணிக்கு, லசானா" என்றாள். வாசல் பக்கம் நடந்தவளுக்குத் தலை சுற்றியது. அவன் அவள் முழங்கையைப் பிடித்து, கூடத்து வாசலோரம் கிடந்த தன்னுடைய நாற்காலிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தான். உட்காரவைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சீருடை போட்டவன் கூடத்தில் நின்று அழக்கூடாது. அவன் முதுகு மட்டும் குலுங்கியது.

காவலாளியின் நாற்காலி குட்டையானது. இருக்கையின் நடுவில் துணி தேய்ந்து நூல் தெரிந்தது. ஒதீல் தலை சுற்றல் அடங்கும்வரை குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது எதிரே பெரிய படம் தெரிந்தது.

தெரிந்தது என்று சொல்ல முடியாது. மேல் ஜன்னலிலிருந்து விழுந்த பகல் வெளிச்சம் படத்தின் வார்னிஷில் பட்டு, நட்ட நடுவில் ஒரே வெள்ளையாகப் பளபளத்தது. இந்தப் பக்கம் ஒரு வீரனின் கால். அந்தப் பக்கம் வாள். விரிப்பின் ஓரம். தளபதியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒளி. அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள், எக்கிப் பார்த்தாள். ஒளியும் கூடவே நகர்ந்தது.

"லசானா. முகம் தெரியலியே."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினான். "இங்கேருந்து தெரியாது மேடம். எந்த நேரமும் இப்படித்தான். நாற்காலி இங்கதான் இருக்கணும், வாசலோரமா. இடத்தை மாத்த விடமாட்டாங்க."

"நடப்பீங்கல்ல? நடக்கிறப்போ பாக்கறதில்லையா?"

"நடக்கிறப்போ படத்தைப் பாத்தா எவனாவது கையை வச்சிடுவான். நாங்க ஜனங்க கையைத்தான் பாப்போம்." கொஞ்சம் யோசித்தான். "போகும்போது வரும்போது கண்ணுல பட்டிருக்கும். அது ஒரு பார்வையா மேடம்? பெஞ்சு வர்றவங்களுக்கு. நாங்க அதுல உக்காரக்கூடாது. தலைவர் ஒரு நாள்கூட உக்காந்ததில்ல. உக்காந்து பாக்கறவங்க முகத்தை வச்சுத்தான் சொல்லுவாரு, இந்தப் படத்துல இருக்கறவன் நல்ல சாவு சாகறான்போலன்னு."

ஒதீல் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் முப்பத்தொரு வருஷம். செவ்வாய் நீங்கலாக.

"மணி என்ன?"

"மூணு அஞ்சு."

"நாலு மணிக்கு நான் அவரைப் பாக்கணும்."

"நான் வேணா கூட வரட்டுமா மேடம்?"

"வேணாம்பா. அதுக்குள்ள ஒரு வேலை இருக்கு."

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். மெதுவாக நடந்து, பெஞ்சைத் தாண்டி, கயிற்றுத் தடுப்பு வரை போனாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு தளபதியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மேலேயிருந்து தொடங்கினாள். ஒன்று விட்டுப்போகாமல் மனசில் நிறுத்தி அவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதால் வாய்விட்டே, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டாள்.

"முடி சுருட்டை. நெத்தியில மூணு கோடு, நடுக்கோடு ஆழம். இடது புருவம் கொஞ்சம் மேல ஏறியிருக்கு. கண்ணு திறந்திருக்கு. பழுப்பு இல்ல, சாம்பல்..."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து, அவள் முணுமுணுப்பதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனது. லசானா நாற்காலியில் உட்காராமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நேரமாகிறது என்று சொல்ல யானிக் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவள் மூக்கு வரைக்கும்தான் வந்திருந்தாள்.